ஹத்தாத் என்றால் கொல்லன்

எனக்குப் பொறுமை கிடையாது. உலை கொதிக்கும் நேரத்தில்கூட மூடியை நாலு தடவை திறந்து பார்க்கிற ஆள் நான். செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே வருகிற ஒவ்வொரு மின்சுற்றுப் பலகையிலும் குறை இருக்கிறது என்று நம்பித்தான் குனிவேன். இல்லை என்று தெரிந்த பிறகுதான் நிமிர்வேன். வேலைக்கு அது நல்ல குணம். வீட்டுக்கு ஆகாது என்று என் கணவர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கூலாய் வீட்டுச் சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என் மகள் எதிரே வந்து உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்தாள். எனக்கு ஒரே மகள். சிங்கப்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. வாரம் முழுக்க அங்கே தோழிகளோடு வாடகை அறை, வார இறுதியில் வீடு. சொல்லாமலே கீரை ஆய வருகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது.

"ம்மா, ஆபீஸ்ல ஒருத்தர் இருக்காரு. உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லு."

"பிரேசில்காரரு. நல்ல மாதிரி. ரெண்டு வருஷமாப் பழக்கம்."

ரெண்டு வருஷம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பிரேசில்தானே, பந்து விளையாடுகிற ஊர்தானே என்று கொஞ்சம் மூச்சு விட்டேன். பெயரைக் கேட்டேன். வெள்ளைக்காரப் பெயர் ஒன்றைச் சொன்னாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டேன்.

"ஹத்தாத்."

என் கை நின்றுவிட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு இது உடனே விளங்காது. எங்கள் ஊரில் அரபுப் பெயர் என்றால் முஸ்லிம், அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. முஸ்லிமைக் கட்டிக்கொள்வது என்றால் நாம் மதம் மாறியாக வேண்டும். மலேசியாவில் சட்டம் அப்படி. எங்கள் தாமான் குடியிருப்பில் ஒரு பையன் அப்படி மாறிக் கல்யாணம் செய்துகொண்டான். அவன் அப்பா செத்தபோது கொள்ளிச்சட்டியைத் தம்பி தூக்கினான். பெரியவன் வேலி ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனான். நானும் அந்தச் சாவுக்குப் போயிருந்தேன். அவன் நின்ற இடத்தில் என் மகள் நிற்பதாக ஒரு நொடியில் மனம் கற்பனை செய்துவிட்டது.

"அவரு கிறிஸ்தவர்மா," என்றாள் என் முகத்தைப் பார்த்து.

"பேரு அப்படி இல்லயே."

"பேர வச்சு என்னம்மா தெரியும்? லெபனான்லேருந்து போன குடும்பம். அவங்க தாத்தாவோட அப்பா கப்பல் ஏறிப் போயிருக்காரு."

நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை. பெண்களைப் பெற்றவர்களிடம் முதலில் இப்படித்தான் சொல்வார்கள், கல்யாணம் நெருங்கும்போது வேறு கதை வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும் கைப்பேசியை எடுத்தேன். எந்தக் குடும்பப் பெயரைத் தட்டினாலும் அது எங்கெங்கே இருக்கிறது என்று உலகப் படத்தில் காட்டுகிற இணையத் தளம் ஒன்று இருக்கிறது. பெயர் அதிகமாக இருக்கும் நாடு அடர் சிவப்பு, குறைவாக இருந்தால் வெளிர் சிவப்பு. சிரியா, லெபனான், ஜோர்டான், அல்ஜீரியா, துனீசியா என்று ஒரே சிவப்பாக இருந்தது. பஸ் நெடுஞ்சாலையில் ஏறியபோது படத்தைக் கீழே நகர்த்தினேன். பிரேசிலும் சிவப்பு, அர்ஜென்டினாவும் சிவப்பு. இந்தப் பக்கம் ஏமன், இந்தோனேசியா. மலேசியாவிலும் மெல்லிசாக ஒரு நிறம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. ஐசி என்கிற அடையாள அட்டையில் என் பெயர், பிறகு 'மகள்' என்று ஒரு குறி, பிறகு என் அப்பா பெயர். அவ்வளவுதான். என் மகள் பெயருக்குப் பின்னால் என் பெயர்கூட இல்லை. லாபிஸ் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய எங்கள் முன்னோர் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எங்கள் பெயரை வைத்து ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நான் அடுத்தவன் குடும்பப் பெயரை உலகப் படத்தில் துரத்திக்கொண்டிருந்தேன்.

ஹத்தாத் என்றால் கொல்லன் என்று போட்டிருந்தது. இரும்பு அடிக்கிறவன். ஊருக்கு ஒரு கொல்லன் இருந்ததால் ஊருக்கு ஒரு ஹத்தாத் குடும்பமும் இருந்திருக்கிறது, ஒன்றுக்கொன்று உறவில்லாமலே. ஒரு பக்கத்தில் இந்தப் பெயர் லெபனான் கிறிஸ்தவர்களிடம் சாதாரணம் என்று இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த பக்கத்தில் முஸ்லிம்களிடமும் உண்டு, துனீசியாவில் யூதர்களிடமும் உண்டு என்று இருந்தது. மறுபடி குனிந்தேன். தேடத் தேடத் தெளிவு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பாஸா ஃபெயிலா என்று சொல்லாத சோதனையால் யாருக்கு என்ன லாபம்?

மதியச் சாப்பாட்டின்போது என் கூட்டாளியிடம் கேட்டேன். மலாய்க்காரப் பெண். பதினெட்டு வருடமாக ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். நான் மாடு சாப்பிட மாட்டேன் என்பதற்காக ஹரி ராயாப் பெருநாளுக்கு எனக்கென்று கோழியில் தனியாக ரெண்டாங் கறி செய்து கொண்டுவருகிறவள். ஹத்தாத் என்று ஒரு பெயர் கேள்விப்பட்டிருக்கிறாயா என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அது பெரிய குடும்பம், ஏமன் பக்கத்து ஹத்ரமௌத்திலிருந்து வந்தவர்கள், மார்க்கம் படித்தவர்கள், எங்கள் அப்பா அவர்கள் பெயரை மரியாதையோடுதான் சொல்வார் என்று மலாயில் சொல்லிக்கொண்டே போனாள். பிறகு, "ஏன் கேட்கிறாய்?" என்றாள்.

"சும்மா," என்றேன். வேறென்ன சொல்வது? உன் மதத்துக்காரன் என் மகளைக் கட்டிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அன்றைக்கு அவள் நீட்டிய பலகாரத்தை வாங்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் பயம் குறையவில்லை.

அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். அவனைச் சாப்பிட அழைத்து வரட்டுமா, வெள்ளிக்கிழமை மதியம், இரண்டு பேரும் விடுப்பு எடுத்திருக்கிறோம் என்றாள். எதற்காக வெள்ளிக்கிழமை என்று நான் யோசிக்கவில்லை. என் மண்டைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை நான் விடுப்புப் போட்டுவிட்டு கூலாய் பாசார் சந்தையில் சீனர் கடைக்குப் போய் ஒரு கிலோ பன்றி இறைச்சி வாங்கிவந்தேன். முஸ்லிம் என்றால் தொடமாட்டான். கிறிஸ்தவன் என்றால் சாப்பிடுவான். இதைவிட நேரான சோதனை உண்டா? படம் சொல்லாததைத் தட்டு சொல்லிவிடும் என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே ஒரு பூரிப்பு.

பாசிர் கூடாங்கில் ஷிப்ட் முடித்து வந்த கணவர் பையைத் திறந்து பார்த்தார்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைடி."

"தெரியும்."

"நம்ம வீட்டுல வெள்ளிக்கிழமை கறி ஆக்குவாங்களா? கல்யாணமாகி இத்தன வருஷத்துல ஒரு நாளு செஞ்சிருக்கியா?"

"ஒரு நாளைக்கு சாமி மன்னிக்கும். நீங்க சும்மா இருங்க லா."

சாமி அலமாரியின் கதவைச் சாத்திவிட்டுத்தான் அடுப்பை மூட்டினேன். மிளகும் சோம்பும் நிறையப் போட்டுப் பிரட்டினேன். ஒப்புக்குப் பயிற்றங்காய் பொரியலும் ரசமும் வைத்தேன்.

அவன் வந்தான். உயரம், சுருட்டை முடி, குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். முதலில் அவன் கழுத்தைப் பார்த்தேன். சிலுவை இல்லை. "ஆண்ட்டி" என்று கும்பிட்டான். கும்பிடுவதற்கு என் மகள் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், கைகள் மூக்குக்கு நேராக இருந்தன. பிடித்துத்தான் இருந்தது எனக்கு. அதுவும் எரிச்சலாக இருந்தது.

தட்டில் சோற்றைப் போட்டு, பிரட்டலை அள்ளிக் கரண்டியோடு அவன் பக்கம் நீட்டினேன். பன்றி என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். அவன் கரண்டியைப் பார்த்தான், என் மகளைப் பார்த்தான். குழம்பிப்போனது தெரிந்தது. பிறகு சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையை நெஞ்சில் வைத்துத் தலையாட்டினான். ரசத்தை ஊற்றி, பொரியலைத் தொட்டுக்கொண்டு கையாலேயே தடுமாறிச் சாப்பிட ஆரம்பித்தான்.

கரண்டியோடு சமையலறைக்குப் போனேன். மகள் பின்னாலேயே வந்தாள்.

"பாத்தியா?" என்றேன். "தொடல பாத்தியா? உன்னை ஏமாத்துறான்டி."

அவள் சட்டியைப் பார்த்தாள், சாத்தியிருந்த சாமி அலமாரியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"அலமாக்... இதுக்காகவா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா இத ஆக்குனீங்க?"

"நீயே பாத்தல்ல."

"ம்மா, அவங்களுக்கு இப்ப தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டாரு. எங்க வீட்டுலயும் வெள்ளிக்கிழமை சைவந்தான்னு நான் சொன்னேன். அப்ப அன்னைக்கே போலாம், உங்க அம்மாவுக்கும் சங்கடமில்ல, எனக்கும் சங்கடமில்லன்னு அவருதான் இந்த நாளச் சொன்னாரு."

அவன் தன் விரதத்தைக் காப்பாற்றிவிட்டான். என் விரதத்தை நானே முறித்தேன், அதுவும் அவனைப் பிடிப்பதற்காக.

"உங்க கூட்டாளி உங்களுக்காக கோழியில ரெண்டாங் செய்றாங்க," என்றாள் மெதுவாக. "நீங்க செஞ்சது என்னன்னு அவங்ககிட்ட போய் சொல்வீங்களா?"

வெளியே அவன் என் கணவரிடம் ரசம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். போகும்போது திரும்பவும் கும்பிட்டான். மகள் என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் அவள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. சாப்பிட்டாயா என்று எழுதினால் 'சாப்பிட்டேன்' என்று ஒரு சொல் வரும். போன் செய்தால் மீட்டிங். நான் வீட்டில் கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினேன். வேலையில் நல்ல பலகைகளைக் குறை என்று ஒதுக்கி மேலாளரிடம் பேச்சு வாங்கினேன். பஸ்ஸில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். இப்போது நான் தேடியது வேறு. பிரேசிலில் எந்த ஊர், லெபனானில் எந்த மலை, எந்த மாதா கோயில் என்று தேடினேன். அவர்கள் நல்லவர்கள்தான் என்று யாராவது எழுதியிருந்தால் மகளிடம் காட்டலாமே என்றிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை என்னால் முடியவில்லை. கணவர் தூங்கி எழுவதற்குள் பஸ் ஏறி ஜோகூர் பாருவுக்குப் போய், சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு, இங்கே இருக்கிறேன், நீ வரும்வரை போகமாட்டேன் என்று அவளுக்கு எழுதினேன். சிங்கப்பூர்ப் பாலத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று கிளாஸ் தே தாரிக் குடித்திருந்தேன்.

வந்து உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. நான் மடமடவென்று ஆரம்பித்தேன். நான் செய்தது தப்பு, எல்லாம் படித்துவிட்டேன், அந்த மலைப்பக்கத்தில் ஹத்தாத் என்றால் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள்தானாம், போன நூற்றாண்டிலேயே பிரேசிலுக்குப் போய் அங்கே பெரிய பெரிய ஆட்களாக இருக்கிறார்களாம், எனக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை என்றேன். கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினேன்.

அவள் அதைப் பார்க்கவில்லை.

"நீங்க மன்னிப்புக் கேக்க வரல. ரிப்போர்ட் பாஸாயிருச்சுன்னு சொல்ல வந்திருக்கீங்க."

"அப்படி இல்லம்மா."

"சரி. அவரு முஸ்லிமா இருந்திருந்தா?"

"ஒத்துக்கிட்டிருப்பேன்."

"பொய்."

நான் கடையைச் சுற்றிப் பார்த்தேன். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை.

"ஆமா. பொய்தான்," என்றேன். "சண்டை போட்டிருப்பேன். உங்கிட்ட பேசியிருக்க மாட்டேன். ஒரு வருஷம் போயிருக்கும். அதுக்கப்புறம் மனசு கேக்காம இதே மாதிரி பஸ் ஏறி வந்திருப்பேன்."

உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி சிரித்துவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். என் அவசரம் தெரிந்தவள், ஒரு வருஷம் உங்களால் தாங்க முடியுமா என்று கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு வருஷமா இதுக்குத்தான்மா உங்ககிட்ட சொல்லப் பயந்தேன். நான் உங்கள விட்டுப் போயிருவேன்னு நீங்க பயந்தீங்க. நான் எங்கயும் போறதா இல்ல. அந்த ஒரு வருஷம் என்னை விட்டுட்டுப் போறது நீங்கதானே?"

பக்கத்து மேசையில் ஆட்கள் இருந்தார்கள், நான் அதைப் பார்க்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு அன்றைக்கு வேறு எங்கோ போக வேண்டியிருந்தது, கைப்பேசி இரண்டு தடவை அடித்தது. அவள் அதை எடுத்து அணைத்துப் பைக்குள் போட்டாள். நான் அழுது முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.