முத்தலிபு காக்காவின் பாசி

கண்ணாடித் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டால் முத்தலிபு காக்கா மூச்சைப் பிடித்துக்கொள்வார். தலை வெளியேதான் இருக்கிறது. முன்னறையில் மின்விசிறி சுழல்கிறது. காற்றுக்கு ஒரு பஞ்சமுமில்லை. ஆனாலும் கன்னங்கள் உப்பிவிடும். காலாவதியான வங்கி அட்டை ஒன்றால் கண்ணாடியில் படிந்த பச்சையைச் சுரண்டி முடித்து, கையை வெளியே எடுத்த பிறகுதான் மூச்சு வரும். அதுவரை அவரோடு கதைத்துப் பயனில்லை. கதைப்பதென்றாலும் இடப்பக்கம் போய் உட்கார வேண்டும். வலது காதைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆலங்குடாவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வெளிநாடுகளுக்கு அனுப்பும் அலங்கார மீன்களைப் பிடிக்கிற சுழியோடியாக இளமை முழுவதையும் கழித்தவர். பிடித்த மீனைப் பொலித்தீன் பையில் போட்டுக் காற்றடைத்து லொறியில் ஏற்றிவிட்டால் அவர் வேலை முடிந்தது. காது போன பிறகு, இனித் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடைசியாக இறங்கிய அன்று பிடித்த ஒரு சோடியை மட்டும் அவர் கம்பனிக்குக் கொடுக்கவில்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட சின்ன மீன்கள். அவை குடியிருந்த, பூப்போல விரல் விரித்து நிற்கும் கடல் சாமந்தி என்ற உயிரையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏன் காக்கா என்று கேட்டேன்.

“எத்தினயப் புடிச்சி அனுப்பியிருப்பன். ஒண்டாச்சும் உசிரோட போய்ச் சேந்திச்சா எண்டு தெரியா, தம்பி. இதுகளாச்சும் என்ட கண்ணுக்கு முன்னால ஹயாத்தோட இரிக்கோணும்.”

அதற்காக முன்னறையிலிருந்து மெத்தை வைத்த நீள இருக்கையான செட்டி வெளியேற்றப்பட்டது. வருகிறவர்களுக்கு இப்போது பிளாஸ்டிக் கதிரைதான். கடலுக்குப் போவதை விட்ட மனுசன் கடலையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அவருடைய மனைவி அலீமா அயலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் காலையில் எழுந்ததும் முதலில் எட்டிப் பார்ப்பது தொட்டியைத்தான்.

புதுத் தொட்டிக்குக் கண்பட்டதுபோலப் பாசி வந்தது. முதலில் மணலில் தவிட்டு நிறமாகப் படர்ந்தது. பிறகு கல்லிலெல்லாம் பச்சை மயிராக நீண்டது. சுரண்டச் சுரண்ட வளர்ந்தது. சாமந்தி நாளுக்கு நாள் சுருங்கிக் கசக்கிப் போட்ட கைக்குட்டையாகிவிட, ஒளிய இடமில்லாத மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றன. காக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. யன்னலுக்குத் திரை போட்டார். விளக்கை அரைவாசி நேரம்தான் எரித்தார். தீனியைக் குறைத்தார். வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பத் தெரியாத வீட்டில் அதுதான் பெரிய தண்டனை. தெரிந்தவரின் வள்ளத்தில் சொல்லி, கரையிலிருந்து தள்ளி நல்ல கடல்நீர் எடுப்பித்து மாற்றினார். கொழும்பிலிருந்து ஒரு சோதனை மருந்தும் வரவழைத்தார். தண்ணீரில் பாசிக்கு உரம் இருந்தால் அந்த மருந்து சிவக்கும். தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு முறையும் சிவந்தது. கடல்நீர் நிறம் மாறவேயில்லை. அப்படியானால் உரம் எங்கிருந்து வருகிறது? மனிதர் தலையைப் பிய்த்துக்கொண்டார்.

காற்றுக் காலத்தில் தொட்டித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். உப்பு வற்றாது, ஆகவே குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர் விட வேண்டும். கண்ணாடியில் பேனாவால் ஒரு கோடு கீறி வைத்து, காலையில் பின்வளவுக் கிணற்றில் அள்ளி, வெள்ளைத் துணியில் வடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஊற்றுவார் காக்கா. வளவைச் சுற்றி வெங்காயமும் மிளகாயும் விளைகிற மணல் தோட்டங்கள். ஒருநாள் அவர் ஊற்றுவதைக் கூட்டுமாற்றோடு நின்று பார்த்த அலீமா கேட்டாராம்:

“நாங்களே குடிக்காத தண்ணி. அதுகளுக்கு மட்டும் ஏன் ஊத்துறீங்க?”

உண்மைதான். அந்தக் கிணற்றில் குளிப்பார்கள், துவைப்பார்கள், யாரும் குடிப்பதில்லை. குடிப்பதற்கு வடிகட்டிய தண்ணீர் முச்சக்கர வண்டியில் கேன் கேனாக வருகிறது. காக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார். பீட்றூட் அவித்த தண்ணீர்போலச் சிவந்தது. வெங்காயத்துக்குப் போட்ட உரத்தை மணல் கிணற்றுக்குக் கொடுக்க, கிணற்றிலிருந்து அள்ளி இவர் பாசிக்கு விருந்து வைத்திருக்கிறார்.

இதை எனக்குச் சொல்லும்போது அலீமா சிரித்தார். காக்கா சிரிக்கவில்லை.

“புடிச்சிக் கொன்னது போதாதெண்டு, வளத்தும் கொல்லப் பாத்திரிக்கன்” என்றார்.

அதன் பிறகு தொட்டிக்கும் கேன் தண்ணீர்தான். பாசி வெளிறி, பிடித்து இழுத்தால் கையோடு வரத் தொடங்கியது. சாமந்தி பகலில் மெல்ல விரிந்தது. பிழைத்துவிட்டது என்று நான் அவசரப்பட்டுச் சொன்னபோது, அப்படிச் சொல்லாதீங்க என்று காக்கா கையமர்த்தினார்.

சென்ற வாரம் போனபோது நல்ல உச்சி வெயில். ஊரில் தண்ணீர் வடிக்கும் இயந்திரம் பழுது; கேன் வந்து நாளாகிவிட்டது. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அலீமா கேட்காமலே கடைசிக் கேனைச் சரித்து இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டேன்.

காக்கா தம்முடையதைக் கையில் எடுத்தார். தொட்டியைப் பார்த்தார். தண்ணீர் பேனாக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. சாமந்தியின் விரல்களுக்கு நடுவே இரண்டு மீன்களும் புரண்டுகொண்டிருந்தன. அவர் எழுந்து போய், கிளாஸை உதட்டில் வைக்காமலே தொட்டியின் மூலையில் சாய்த்து, மீன்கள் மிரளாதபடி நூலாக ஊற்றினார். ஊற்றி முடித்ததும் கிளாஸைக் கவிழ்த்து, ஒட்டியிருந்த சொட்டையும் உதறிவிட்டார்.