என் கணவரை ரோலர் கோஸ்டரில் ஏற்றிய கதை

என் கணவர் உயிரோடு இருந்தவரை ஒரு ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து, தூத்துக்குடியில் ஒரு ஸ்டுடியோக்காரர் அவரை ரோலர் கோஸ்டரில் ஏற்றி என் பக்கத்தில் உட்கார வைத்தார். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் வருகிறது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கடலும் கப்பலும் உப்பளமும் அவர் காலடியில் கிடக்கும். அந்த மனிதரிடம் போய், மாதா கோயில் திருவிழாப் பொருட்காட்சியில், ராட்டினத்தில் ஏறலாம் வாருங்கள் என்றால் என்ன சொல்வார்? "சம்பளம் வாங்கிக்கிட்டு மேல போறவன்ட்ட, காசு கொடுத்து மேல போகச் சொல்லுதியே, உனக்குக் கிறுக்கா?" என்பார். பயமெல்லாம் கிடையாது. லீவு நாளில் அவருக்குத் தரை வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ கப்பல் ஏஜென்சி ஆபீசில் நாற்காலியோடு நாற்காலியாக உட்கார்ந்து நாள் முழுக்க டைப் அடிக்கிற பிழைப்பு. வருஷத்தில் ஒரு நாளாவது காலுக்குக் கீழே தரை இல்லாமல் இருக்க வேண்டும்.

இதில் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. செருப்பையும் கைப்பையையும் அவரிடம் கொடுத்துவிட்டு, "கீழயே நில்லுங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு நான் ஏறுவேன். மேலே போய்ப் பார்த்தால் டெல்லி அப்பளக் கடை ஓரமாக, ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் பையுமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். வருஷா வருஷம் இதேதான். எங்கள் குடித்தனத்தை ஒரே படத்தில் காட்டு என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். ஆனால் அப்படி ஒரு படத்தை யாரும் எடுக்கவில்லை.

மாரடைப்பில் போனார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் ஆபீஸ், வீடு தவிர எங்கும் போகவில்லை. எதிர்வீட்டில் ஒரு பி.டி. டீச்சர் குடியிருந்தாள். நாசரேத்துக்காரி, கல்யாணம் செய்துகொள்ளாதவள், கழுத்தில் விசில் தொங்கினாலும் தொங்காவிட்டாலும் அதிகாரக் குரல். ஒரு நாள் வந்து வாசலில் நின்றுகொண்டு, "ஏளா, இருந்தது போதும். சனிக்கிழமை மதுரைக்குப் போறோம்" என்றாள். மீனாட்சியைப் பார்க்கவாக்கும் என்று நினைத்தேன். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி எதற்கு மீனாட்சியைப் பார்க்கப் போகிறாள்? ரோலர் கோஸ்டர் ஏறத்தான் கூப்பிட்டிருந்தாள்.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இருவரையும் விடவில்லை. மதுரை, கொச்சி, பெங்களூரு என்று எங்கெல்லாம் கேளிக்கைப் பூங்கா இருக்கிறதோ அங்கெல்லாம் லீவு கிடைத்தபோது பஸ் ஏறினோம். தண்ணீர்ச் சறுக்கில் சேலையோடு விடமாட்டார்கள். நைலான் துணிதான் போட வேண்டும். வாடகைக்குக் கிடைக்கிற நைலான் பேண்ட்டையும் பனியனையும் மாட்டிக்கொண்டு, ஐம்பதைத் தாண்டிய இரண்டு பொம்பளைகள் ரப்பர் டியூபில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வந்தோம். அந்தப் படத்தை நான் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஏன் வைக்கக் கூடாது?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதிலும் என் கொழுந்தன் வாயை? பலசரக்குக் கடை வைத்திருக்கிற மனிதர், எடை போடுகிற மாதிரியேதான் பேசுவார். "மதினி, நம்ம குடும்பத்துல இதெல்லாம் பழக்கம் இல்லைல்லா" என்றார். "வருஷா வருஷம் குத்தாலத்துல எண்ணெயத் தேய்ச்சுக்கிட்டுத் துண்டோட நிக்கீங்களே, அது மட்டும் நம்ம குடும்பத்துப் பழக்கமோ?" என்று கேட்டேன். அன்றோடு நேரில் பேச்சை நிறுத்திவிட்டு, வெளியில் ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புத்தகம் போட்டேன். ஆல்பம் இல்லை, அச்சடித்த புத்தகம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படம், எதற்கு ஒரு முழுப் பக்கம், எதற்கு வெறும் மூலை போதும் என்று வாரக்கணக்கில் வைத்து வைத்து மாற்றுவேன். போனில் ஆயிரம் படம் கிடக்கும், ஒன்றையும் யாரும் பார்ப்பதில்லை. புத்தகமாகிவிட்டால் மடியில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ரோலர் கோஸ்டரில் உச்சியிலிருந்து விழுகிற இடத்தில் ஒரு கேமரா தானாகவே படம் எடுக்கும். வெளியே வருகிற வழியில் அதை விற்பார்கள். என் புத்தகங்களில் முழுப் பக்கம் எப்போதும் அதற்குத்தான். அந்த இடத்தில் யாராலும் முகத்தைச் சரிசெய்து வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் நான் ஒரு தாமரைப் பூவுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். நான் எந்தக் குளத்தில் போய் உட்கார்ந்தேன்? அந்த எரிச்சல் எனக்கு முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

நான் சொல்ல வந்த புத்தகம்தான் கடைசிப் புத்தகம். டீச்சருக்கு அந்த மாதக் கடைசியில் பணி ஓய்வு. மூட்டும் தேய்ந்து போயிற்று. இனி இந்த ஆட்டமெல்லாம் கூடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஓய்வு பெறுகிற அன்று அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று, எல்லாப் பயணத்திலிருந்தும் நல்ல படங்களாகப் பொறுக்கி ஒரு பெரிய புத்தகம் தயாரித்தேன். ஆன்லைனில் கொடுத்தால் ஓரத்தை வெட்டுகிறேன் என்று தலையை வெட்டி அனுப்புகிறார்கள். அதனால் இந்த ஒன்றை மட்டும் உள்ளூரில், கல்யாண ஆல்பம் போடுகிற ஸ்டுடியோவில் கொடுத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

ஸ்டுடியோக்காரர் நல்ல பையன்தான். அதுதான் கோளாறே. பென் டிரைவைக் கொடுக்கும்போதே படித்துப் படித்துச் சொன்னேன்: முகத்தை வெள்ளையாக்காதே, பின்னால் பனிமலை வைக்காதே, பூத்தூவாதே. "கவலைப்படாதீங்கக்கா, நம்ம வீட்டு வேல மாதிரி செஞ்சுருதேன்" என்றார். செத்துப்போன என் கணவரைப் படத்தில் சேர்க்காதே என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அவர் முகம் அந்தக் கம்ப்யூட்டரில் தயாராக இருந்திருக்கிறது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, வீட்டில் மாட்டியிருக்கிற பெரிய படம் எல்லாம் இதே ஸ்டுடியோவில் போட்டதுதான். துறைமுக அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்து, வாழ்நாளில் கோட்டுப் போடாத மனிதருக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பல வாரம் ஒட்டியிருந்த அதே முகத்தை எடுத்து, பக்கத்துக்குப் பக்கம் என் அருகில் வைத்திருக்கிறார் அந்தப் புண்ணியவான். இலவசமாக வேறு. இறந்தவர்களைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுப்பது அவர்கள் தொழிலில் ஒரு மரியாதை.

அச்சுக்குப் போகும் முன் பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியவர், அந்த போஸ்டருக்கெல்லாம் ஆர்டர் கொடுத்த பழைய நம்பருக்கும் அனுப்பிவிட்டார். அது என் கொழுந்தன் நம்பர். நான் போனைத் திறந்து பார்ப்பதற்குள் அவரும் அவர் மனைவியும் அழுத கண்ணோடு வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணன் சிரிக்கத பாருங்க மதினி" என்று போனை நீட்டினார். பார்த்தேன். ரோலர் கோஸ்டர் தலைகுப்புற விழுகிறது. என் முடி மேலே பறக்கிறது, வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது. பக்கத்தில் என் கணவர் கோட்டும் டையுமாக, ஒரு முடிகூடக் கலையாமல் புன்னகை செய்கிறார். அடுத்த பக்கம் தண்ணீர்ச் சறுக்கு. அங்கேயும் அதே கோட்டு, நனையவே இல்லை. டீச்சரை எங்கும் காணவில்லை. இல்லை, இருந்தாள். விழுகிற படத்தில் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிற கை அவளுடையது. கறுப்புப் பட்டை வாட்ச் கட்டிய கை. கோட்டுக்கு அடியிலிருந்து அது மட்டும் வெளியே நீண்டிருந்தது. என் கணவருக்கு மூன்று கை.

"டீச்சர் எங்க?" என்று கேட்டேன்.

"அவங்க எதுக்கு மதினி? இது குடும்பப் புஸ்தகம்லா" என்றார் கொழுந்தன். அவர் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "இப்பத்தான் பாக்கதுக்கு நல்லாருக்கு" என்றாள். தங்கள் வீட்டுக்கும் ஒன்று போடச் சொல்லியாயிற்றாம்.

சங்கதி இதுதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. தாலி இல்லாதவள் வாயைத் திறந்து கத்திச் சிரித்தால் பக்கத்தில் புருஷன் இருக்க வேண்டும். செத்த புருஷனானாலும் பாதகமில்லை. போஸ்டரில் வந்த முகமானாலும் பாதகமில்லை. அவர் போன பிறகு என்னை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, பயந்தபோது கையைப் பிடித்தவள் குடும்பம் கிடையாது. அவள் கையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம், முகம் கூடாது. வந்தவர்களுக்குக் காப்பி கூடப் போடவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு நேரே ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"எல்லாப் பக்கத்திலயும் அவரை எடு" என்றேன். ஸ்டுடியோக்காரர் முகம் சுருங்கிவிட்டது. நான் சந்தோஷத்தில் அழுதுகொண்டு வருவேன் என்று நினைத்திருப்பார் போல.

"அண்ணாச்சி படத்த என் கையால எப்படிக்கா அழிப்பேன்? தெய்வமானவங்க. பாவம் வந்து சேரும்லா."

"டீச்சர அழிக்கும்போது கை கூசலையா? அவ உயிரோட இருக்கா!"

"அழிக்கல்லாம் இல்லக்கா" என்றார் பதறிப்போய். "டீச்சர் அடியிலதான் இருக்காங்க. மேல அண்ணாச்சிய வச்சிருக்கேன், அவ்வளவுதான்." பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று காட்டினார். "நீங்க வேணா அமுக்குங்கக்கா. உங்களுக்கு உரிமை இருக்கு" என்று சொல்லிவிட்டு, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார்.

உட்கார்ந்து அமுக்கினேன். சறுக்கிலிருந்து கோட்டு மறைந்தது. அடியில் டீச்சர், மூக்குக்கண்ணாடி இல்லாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு இருந்தாள். அலைக்குளத்திலிருந்து கோட்டு மறைந்தது. டீச்சர் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருந்தாள். கோபத்தில் விறுவிறுவென்று ஒவ்வொரு பக்கமாக வந்தேன். கடைசியில் அந்த முழுப் பக்கம் வந்தது, விழுகிற படம். கை நின்றுவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட உட்காராத இடத்தில். அப்போதுதான், கொழுந்தன் மேலும் ஸ்டுடியோக்காரர் மேலும் இருந்த கோபமெல்லாம் திரும்பி அவர் மேலேயே வந்தது. ஒரே ஒரு தடவை ஏறித் தொலைத்திருக்கக் கூடாதா? கிரேனில் ஆயிரம் தடவை ஏறினீரே, எனக்காக ஒரு சுற்று வந்திருந்தால், இன்றைக்கு இந்தப் படத்தை அழிக்கச் சொல்லி எவளாவது இங்கே வந்து நிற்பாளா? பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். ஸ்டுடியோக்காரர் திரும்பவில்லை.

அந்தப் புன்னகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவம், அவருக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

"கீழயே நில்லுங்க, வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு அமுக்கினேன். கோட்டு மறைந்தது. டீச்சர் வாயைப் பிளந்துகொண்டு என் கையைப் பிடித்திருந்தாள்.