டெம்பர் கிளாஸும் இரண்டாவது விரலும்

போன வாரம் என் போன் கீழே விழுந்தது. தீவன மூட்டை மேலிருந்து... நல்லவேளை, தவிட்டுக் குவியலில் விழுந்ததால் கீறல்கூட இல்லை.

"இன்னுமா டெம்பர் கிளாஸ் போடலை?" என்று மகள் பிடித்துக்கொண்டாள். பெங்களூரில் இருந்துகொண்டு திட்டுவது சுலபம். போடாததற்குக் காரணம் சோம்பேறித்தனம்தான், வேறென்ன?

புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி நாமக்கல் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடை. கடைக்கார பாய் எனக்கு முன்பின் பழக்கமில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, இதுல டிஸ்பிளே மேலயே கைரேகை. கண்ணாடி போட்டா பழைய ரேகையை எடுக்காதுங்க. அழிச்சுட்டுப் புதுசா வெக்கோணும்."

செட்டிங்ஸைத் திறந்தவர் நிமிர்ந்தார். "ரெண்டு வெரலு இருக்குதுங்களே?"

"ஒண்ணு என்னுதுங்க. இன்னொண்ணு எங்கூட்டுக்காரியோடது."

எனக்குச் சின்னதாக ஒரு கோழிப்பண்ணை உண்டு. தீவனம் கலக்குகிற கையை என் போன் மதிக்கவே மதிக்காது. முட்டை விலை வாட்ஸ்அப்பில் வருகிற நேரம் பார்த்துத்தான் என் கையெல்லாம் மாவாக இருக்கும். "ஏம்புள்ள, வெலை என்னாச்சுன்னு பாரு!" என்று கத்துவேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, விரலை வைத்துத் திறந்து படிப்பாள். விலை இறங்கியிருந்தால், நானே இறக்கிவிட்டது போல ஒரு முறைப்பு!

ஆடியில் அவளுக்குத் தலைத்திவசம் முடிந்தது. இப்போது நானே கை கழுவிவிட்டு வந்து விலை பார்க்கிறேன். முறைக்க ஆளில்லை.

"அந்த ரெண்டாவது வெரலை மட்டும் அப்படியே உட்ற முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"உடலாங்க. ஆனா கண்ணாடி போட்டா அது வேலை செய்யாதுங்களே!"

வேலை செய்யாதாம். இப்போது மட்டும் என்ன வேலை செய்கிறது? எனக்குத் தெரியாதா? ஆனாலும் பாருங்கள்... அவள் சேலைகளைச் சொந்தக்காரர்களுக்கு எடுத்துக் கொடுத்தபோதுகூட நான் இவ்வளவு தயங்கவில்லை.

"இப்ப வேண்டாங்க" என்று போனை வாங்கிக்கொண்டேன்.

பாய் நல்ல மனுஷர். வியாபாரம் போனதற்கு முகம் சுளிக்கவில்லை. "அவசரமில்லீங்கண்ணா. ஒருநாள் அக்காவையும் கூட்டிட்டு வாங்க. ரெண்டு பேரு வெரலையும் ஒரேடியா வெச்சுரலாம்" என்றார்.

"சரிங்க பாய், கூட்டிட்டு வாரேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பஸ் வருகிறவரை யோசித்தேன். சொல்லவில்லை. மகள் திட்டினால் திட்டட்டும்.

ஊரில் எல்லோருக்கும் அவள் போய்விட்டவள். ஒரே ஒரு கடையிலாவது, இனிமேல் வரவேண்டியவளாக இருந்துவிட்டுப் போகட்டுமே!