மைனா வந்த முதுகும் வராத முதுகும்

முதுகில் சுண்ணாம்பு பட்டால் முதலில் சில்லென்று இருக்கும்... எரிச்சல் அப்புறம்தான் ஆரம்பிக்கும். இன்றைக்கு வெற்றிலைக் கடையைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தது. கூடவே காதரும் ஞாபகத்துக்கு வந்துவிட்டான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டுடியோவில் அப்போது நான் போட்டோ, காதர் வீடியோ. மாலை மாற்றுவதையே எடுத்து எடுத்து எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒரு பத்திரிகையில் போட்டோ போட்டி அறிவித்திருந்தார்கள். ஜெயித்துவிட்டால் கல்யாண மண்டபத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடலாம் என்று ஆசை.

படமும் முடிவாகிவிட்டது. காட்டெருமையின் மேல் உட்கார்ந்து உண்ணி பொறுக்கும் மைனா.

"இதுக்கு இன்னாத்துக்குடா மலைக்குப் போவணும்? எங்க வூட்டாண்ட வா, டெய்லி எருமை மேல குந்திக்கினு இருக்கும்" என்றான் காதர். ஆனாலும் பைக்கை எடுத்தது அவன்தான்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி ரோட்டோரப் புல்வெளி. நமக்கு உடம்பு கொஞ்சம் ஜாஸ்தி. குப்புறப் படுத்தால் புல்லில் மறைந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

"கல்யாணப் பந்தல் போட்டா மாதிரி கீற" என்றான்.

இரண்டு நாள் காலையும் வெறும் புல்தான். மூன்றாம் நாள், பனி விலகும்போது வந்தது... கறுகறுவென்று உடம்பு, காலில் வெள்ளை சாக்ஸ், முதுகில் மைனா! அது தாவிப் போய் எருமையின் காதுக்குள் அலகை விட்டுக் குடைந்தது. அவ்வளவு பெரிய உருவம், சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

ஃபோகஸ் சரி, லைட் சரி. எருமையின் தலை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. ஆறு வருஷ மண்டபப் பழக்கம்... வாய் தானாகத் திறந்தது.

"மாப்ள, கொஞ்சம் இங்க பாருங்க!"

பார்த்தது.

மைனா பறந்தது. எருமை புஸ்ஸென்று மூச்சுவிட்டு ஒரு அடி முன்னால் வைத்தது. நான் எப்போது பட்டனை அமுக்கினேன், எப்போது எழுந்தேன் என்றே தெரியாது. நாங்கள் ஓடிய ஓட்டத்தில் காதரின் ஒரு செருப்பு அங்கேயே போய்விட்டது.

"சிரிக்கவும் சொல்லேன்டா! பொண்ண இஸ்துக்கினு வந்து பக்கத்துல நிறுத்தேன்டா!" ஓடிக்கொண்டே திட்டினான்.

டீக்கடையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் முதுகு அரித்தது. சட்டையைக் கழற்றினால், மூன்று நாள் புல்லில் படுத்ததற்கு உடம்பெல்லாம் உண்ணி! கடைக்கார அக்கா தன் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு கொடுத்தார். காதர் பெஞ்சில் எனக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பொறுக்கினான். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"ஆடாத. காதாண்ட ஒண்ணு கீது."

கண்ணை மூடிக்கொண்டேன். எரிச்சலை மீறிச் சுகமாக இருந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேமராவை எடுத்து, "எத்த அமுக்கணும் தம்பி?" என்று கேட்டு எங்கள் இருவரையும் ஒரு படம் எடுத்தார்.

போட்டிக்கு எருமை முறைக்கும் படம்தான் போனது. பாஸ்போர்ட் சைஸுக்கென்றால் முதல் பரிசு கிடைத்திருக்கும்... இதற்கு ஒன்றும் வரவில்லை. மண்டபமும் என்னை விடவில்லை.

இப்போது என்னிடம் சத்தமே போடாத கேமரா இருக்கிறது. பறவையின் கண்ணை அதுவே தேடிப் பிடிக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் மலைக்குப் போகிறேன். உண்ணி பொறுக்கும் மைனா படம் நிறையவே சேர்ந்துவிட்டது, லைக்கும் வருகிறது. காதர் மட்டும் குவைத் போய்ப் பல வருஷம் ஆகிறது.

நேற்று போய்வந்ததில், நடு முதுகில் கை எட்டாத இடத்தில் ஒரு உண்ணி. "அத்தோட கட்டில்ல ஏறாதீங்க" என்று மனைவி தள்ளி நின்றுவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று ஸ்கேலால் குடைந்தேன், வரவில்லை. இன்றைக்கு அந்தச் சுண்ணாம்பு வாசனையில் அவன் ஞாபகம் வந்து, அக்கா எடுத்த படத்தைத் தேடிக் காதருக்கு அனுப்பினேன்.

உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மாடும் கீது, மைனாவும் கீது. இத்த அனுப்பியிருந்தா பிரைஸ் அடிச்சிருக்கலாமேடா!"

சிரித்தேன். கொஞ்சம் கண்ணும் கலங்கியது.

"முதுகு அரிக்குது பாய். லீவு எப்போ?" என்று கேட்டிருக்கிறேன்.