ராதாபுரத்தில் ஓடை தேடியது

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி ஒன்றில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, கொசுவுக்குப் பயந்தவர்கள் ஊரிலேயே இரண்டு பேர்தான். ஒருவர் எங்கள் டாக்டர். இன்னொருவன் நான். அவர் புத்தகம் படித்துப் பயந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்தேன்.

தாமிரபரணியில் வந்து சேரும் ஓடைகளிலும் அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களிலும் எங்கெங்கே கொசுப்புழு வளர்கிறது என்று டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார். ஓரத்துப் புல்லடியில் கரண்டியை விட்டு மொண்டு பார்ப்பார். புழுவைத் தின்னும் அயிரைமீன் குஞ்சு உண்டா, தட்டான் குஞ்சு உண்டா என்று துழாவுவார். கரையில் கண்ணாடிச் சீசாக்களோடு நான் நிற்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீருக்கு நீச்சல் எதற்கு என்று அவர் கேட்டபோது, விழுந்தால் முழங்கால் மட்டுமா விழும் என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றுகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு வேறு வேலை. நோயாளிப் பதிவேடுகளைப் புரட்டி, குளிர்காய்ச்சல் என்று வந்தவர்களின் ஊரை மட்டும் எடுத்துச் சொல்வேன். சுவரில் தொங்கிய ஜில்லாப் படத்தில் அந்த ஊர்மேல் அவர் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பார். புழு இருக்கும் ஓடையும் புள்ளி விழுந்த ஊரும் பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும் என்பது அவர் கணக்கு.

அந்த வருஷம் என் மனைவிக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அவள் அம்மா வந்து அழைத்துப் போனாள். அவர்கள் ஊர் பாபநாசத்துக்குக் கீழே, மலையடிவாரம். வீட்டுக் கொல்லை வாய்க்காலில்தான் முடியும். அவளை வண்டி ஏற்றுவதற்கு முன்னால் நான் யாருக்கும் தெரியாமல் போய்ப் படத்தைப் பார்த்தேன். அந்த ஊரில் ஒரு புள்ளிகூட இல்லை. பெரிய நிம்மதி. விஞ்ஞானத்தை நான் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

புள்ளிகள் அப்பிக் கிடந்தது ராதாபுரத்துப் பக்கம். டாக்டருக்கு அது புரியவில்லை.

"பனங்காட்டுல ஏதுவே ஓடை?"

"நமக்குத் தெரியாம எங்கயாவது ஓடும், ஐயா."

"ஓடுதா இல்லையான்னு பாத்துருவோம். வண்டியக் கட்டச் சொல்லும்."

போனோம். பனை, உடைமரம், செம்மணல், வெயில். ஒரு பள்ளத்தில் இறங்கிப் பார்த்தால் அதில் ஓணான்தான் இருந்தது. ஊர்க்கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்கள் கையிலிருந்த சீசாக்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"சீசாவத் தூக்கிட்டு என்னத்தத் தேடுதீய, அண்ணாச்சி? பதனியா?"

"கொசு, தாயி."

"கொசுவுக்கா இவ்வளவு தூரம் வந்தீய? உங்க ஊருல கொசு கெடைக்காதாக்கும்."

பதிவேட்டில் பேர் இருந்த ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்தோம். கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். டாக்டர் அவர் வயிற்றைத் தொட்டு, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கல்லாக வீங்கியிருப்பதைப் பார்த்தார்.

"காய்ச்சல் எங்க வச்சு வந்துச்சு?"

"நடவுக்குப் போன எடத்துல. பாபநாசத்துக்குக் கீழ. இங்கனயிருந்து வருசந்தோறும் கூட்டமாப் போவோம். வாய்க்கால் கரையிலதான் குடிசை. திரும்பி வார வழியில பாளையங்கோட்டையில மருந்து வாங்குவோம்."

"ஆஸ்பத்திரியில ராதாபுரம்னுல்லா சொல்லியிருக்கீரு?"

அவர் டாக்டரை விநோதமாகப் பார்த்தார். "கூலிக்குப் போன எடத்தப் போயி ஊருன்னு சொல்லுவாவளா? எங்க சாமி இங்கனல்லா இருக்கு."

எந்த வாய்க்கால் என்று கேட்டது நான்தான். அவர் சொன்ன பேரைக் கேட்டதும் என் கையிலிருந்த சீசா நழுவி மணலில் விழுந்தது. உடையக்கூட இல்லை. அது என் மாமியார் வீட்டுக் கொல்லை வாய்க்கால். அந்த ஊர்க்காரர்கள் காய்ச்சலுக்கு நாட்டு வைத்தியரைத் தாண்டிப் போவதில்லை, எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததே கிடையாது. வந்தவர்கள் ராதாபுரத்துக்காரர்கள். அதனால்தான் படத்தில் அந்த இடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளை அனுப்பினேன்.

திரும்பும் வழியில் டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, மாமியார் ஊருக்குப் போகவேண்டும் என்றேன். பாளையங்கோட்டை நெருங்கும்போது அவர், "நானும் கூட வாரேன்வே" என்றார். அவர் வருகிறேன் என்றதும் என் பயம் இரட்டிப்பாயிற்று. ஒன்றுமில்லாத இடத்துக்கு டாக்டர் எதற்கு வருகிறார்?

அம்பாசமுத்திரம் வரை ரயில். ஜன்னலுக்கு வெளியே பச்சைப்பசேலென்று வயல். அதுவரைக்கும் எனக்கு அழகாகத் தெரிந்த நடவு வயல் முழுக்க அன்றைக்குக் கொசுவாகத் தெரிந்தது. அங்கிருந்து மாட்டுவண்டி. ஊருக்குள் நுழையுமுன் டாக்டர் வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். கரண்டியால் மொண்டார். வழக்கமாக, புழு கிடைத்தால் அதன் வாலிலிருந்து தலை வரை எனக்குப் பாடம் நடத்துவார். அன்றைக்குக் கரண்டியில் புழு நெளிந்தும் பாடம் இல்லை. தண்ணீரைப் பையக் கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். சீசாவைக்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் அவள் இரண்டு கம்பளிக்கு அடியில் கிடந்தாள். கட்டில் கால் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் குளிர்காய்ச்சலுக்கான கொயினா மருந்துப் பொட்டலத்தை எடுத்தார். கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது. மாப்பிள்ளை முன்னால் அவள் வரமாட்டாள், என்னோடு பேசுவதையெல்லாம் கதவோடுதான் பேசுவாள்.

"கொயினா சாப்பிட்டா வயித்துல உள்ளது தங்காதுன்னு மாப்ளைட்ட யாராவது சொல்லுங்க."

"அளவாக் குடுத்தா ஒண்ணும் செய்யாதும்மா. விட்டா இந்தக் காய்ச்சலே ரெண்டு உயிரையும் கொண்டுபோயிரும்" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் செய்யாதுன்னு சத்தியம் பண்ணுவாவளா?"

டாக்டர் பொட்டலத்தின் மடிப்பைப் பிரித்தார். "சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார்.

பொய்யாகவாவது செய்துவிட்டிருக்கலாம். இப்போது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதவும் பார்த்தது. எந்த இழவு வீட்டிலும் ஏதாவது சொல்லி நாலுபேரைச் சிரிக்கவைக்கிற ஆள் நான். கொடு என்றும் வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே நீண்டது.

"கொண்டாங்க" என்றாள், பல் அடித்துக்கொள்ள. "இவுக யோசிச்சு முடிக்கதுக்குள்ள எனக்குப் பிரசவமே ஆயிரும்."

தின்றாள். கசப்பில் என்னைத் திட்டினாள். டாக்டர் வேளாவேளைக்குத் தர மருந்தைப் பிரித்து வைத்துவிட்டு, இந்தக் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நேரத்துக்கு வரும் என்றும், நாளை மறுநாள் வராவிட்டால் மருந்து பிடித்துவிட்டது என்றும் சொல்லிவிட்டுப் போனார். வந்தால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நோயாளிகளிடம் இனிமேல் எந்த ஊர் என்று கேட்காமல் பத்துப் பதினைந்து நாளாக எங்கே படுத்தீர் என்று கேட்கவேண்டும் என்று மட்டும் வண்டியேறும்போது சொன்னார். பிற்பாடு அப்படிக் கேட்டு, பெண்சாதியோடு வந்திருந்த ஒருவரிடம் நான் அடிவாங்கப் பார்த்தேன்.

அவர் சொன்ன அந்த நாளும் வந்தது. வெயில் முற்றத்தைத் தாண்டும் நேரத்தில்தான் அவளுக்குக் குளிர் வரும். உச்சிவேளையிலிருந்தே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கதவுக்குப் பின்னால் மாமியார் மூச்சுவிடுவது கேட்டது. வெயில் முற்றத்தில் பாதிக்கு வந்தது. வயிற்றில் பிள்ளை புரள்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. கொல்லையில் வாய்க்கால் ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் முற்றத்தைத் தாண்டியது. அவள் கை லேசாக நடுங்கத் தொடங்கியது. பிறகு நன்றாகவே நடுங்கியது.

"வந்துட்டு" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கைய எடுங்க. நடுங்குதது நீங்க."

எடுத்தேன். அவள் கை அப்படியே அசையாமல் கிடந்தது. அதை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு, உள்ளே கொஞ்ச நேரம் கவனித்தாள்.

"உதைக்கி" என்றாள்.

கதவுக்குப் பின்னால் மாமியார் அழ ஆரம்பித்தாள்.