சூடு காட்டாத பித்தளை

மட்டாஞ்சேரியில் நகைப் பட்டறை வைத்திருக்கும் அமுதவள்ளிக்கு வாய் கொஞ்சம் நீளம். பலாமரத்தில் தன் கையாலேயே கிடார் செய்யப் போவதாகத் தெரு முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டாள். ஃபோனைப் பார்த்து வாசிக்கப் பழகியவள்தான், ஆனால் வாசிப்பு ஒன்றும் மோசமில்லை. ஓணத்துக்கு கிளப் மேடையில் பாட்டுக் கச்சேரி. குழுவை நடத்துகிற சந்தீப், "சேச்சி வாங்கோ, என் பழைய கிடாரைத் தரேன்" என்று கூப்பிட்டான். இவள் விடுவாளா?

"என் கிடார் இல்லேன்னா எனக்கு மேடையே வேண்டாம்டா."

"சேச்சி, இது மூக்குத்தி ஊதற மாதிரியில்ல கேட்டோ. ஃப்ரெட் போடறது வேற பணி" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளைச் சுருக்கென்று தைத்தது.

குடம், கழுத்து எல்லாம் தயார். கழுத்துப் பலகையில் குறுக்கே அறுத்த பள்ளங்களில் வீணை மெட்டு மாதிரியான ஃப்ரெட் கம்பிகளை அடித்து இறக்குவதுதான் பாக்கி. பலகை லேசாக வளைந்தது, கம்பியோ நேரானது. உலோகம் முரண்டு பிடித்தால் தங்க வேலை செய்கிற கை என்ன செய்யும்? ஊதுகுழலை எடுக்கும். கம்பிகளைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டாள். அவை இளகி, சொன்னபடி வளைந்தன. "இதுக்கா இவ்ளோ பில்டப்பு!" என்று தம்பி பாண்டியராஜனிடம் மார்தட்டிக்கொண்டாள்.

ஒரு வாரம் வாசிப்பதற்குள் மார்தட்டல் அடங்கிவிட்டது. சூட்டில் இளகிய கம்பி இளகினபடியே கிடந்தது. தந்தி அழுந்திய இடமெல்லாம் குழி. எங்கே விரல் வைத்தாலும் கிர்ரென்றது. எட்டிப் பார்த்த சந்தீப், "இதுக்குள்ள வண்டு உண்டோ சேச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனான். புதுக் கம்பி ஓணம் கழித்துத்தான் வரும் என்றார் கடைக்காரர். அமுதவள்ளிக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு யாராவது செய்திருந்தால் கம்பியைக் காய்ச்சியே இருக்க மாட்டார்களே!

கம்பிகளைப் பிடுங்கினாள். பள்ளங்கள் அகன்று போயிருந்தன. சாயாவைக் குடித்துக்கொண்டே வெறித்துக்கொண்டிருந்தவளின் கண் தகடு உருட்டும் மிஷின் மேல் விழுந்தது. உருளையில் விட்டால் எந்த உலோகமும் இறுகும். இறுகுவதால்தானே இடையிடையே சூடு காட்டி இளக்குகிறோம்? காட்டாமலே விட்டால்?

பித்தளைப் பட்டையை எடுத்து உருட்ட ஆரம்பித்தாள். இரண்டு தரம் உருட்டியதும் கை தன்பாட்டுக்கு ஊதுகுழலைத் தேடிப் போயிற்று. இத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? நெருப்பைப் பற்றவே வைத்துவிட்டாள். "அடி பைத்தியமே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு அணைத்தாள். ஊதுகுழலைத் தம்பி கையில் திணித்தாள்.

"கச்சேரி முடியற வரைக்கும் இத என் கண்ணுல காட்டாத. கால்ல விழுந்து கேட்டாலும் தராத."

"பத்திரமா வெச்சுக்கறேன், போக்கா" என்று அவன் அதை ஒரு பையில் போட்டுக்கொண்டான்.

அகன்ற பள்ளத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் வரை பட்டையைச் சூடு காட்டாமல் பச்சையாகவே உருட்டினாள். துண்டு போட்டு, மரச்சுத்தியலால் நேராகத் தட்டி இறக்கினாள். வளைக்கவே இல்லை. பலகையின் வளைவுக்குத் தக்கபடி மேல்விளிம்பை அரத்தால் ராவி மழுக்கிவிட்டாள். தந்தி கட்டி மீட்டினாள். பித்தளை அசையவில்லை, குழியவில்லை, கிர்ரென்னவும் இல்லை.

ஓணத்தன்று சாயங்காலம் மேடையேறும் முன் சந்தீப் கிடாரை வாங்கி மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு ஃப்ரெட்டாக அழுத்திப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, "முதல் பாட்டு சேச்சி தொடங்கட்டே" என்று மைக்கைக் கீழே இறக்கி அவள் முன்னால் வைத்தான்.

வாசித்தாளே ஒரு வாசிப்பு! தெருவே எழுந்து நின்று கை தட்டியது. கூட்டத்தின் நடுவே பாண்டியராஜன் மட்டும் தட்டவில்லை. எப்படித் தட்டுவான்? ஊதுகுழல் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனைக் கண்டதும் அமுதவள்ளிக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மைக் இருப்பதையே மறந்து கத்தினாள்:

"டேய் பாண்டி, அத கீழ வெச்சுட்டுக் கை தட்டுடா!"