அல்பொன்சா அக்காவின் பூனையும் என் வலைப்பதிவும்

"இதுவே கடைசிப் பதிவு. இதுவரை வாசித்தவர்களுக்கு நன்றி, எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்" என்று நேற்று மாலை இங்கே எழுதியிருந்தேன். அதை வாசித்தவர்கள் இப்போது சிரிக்கலாம். ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. 2008 பிறந்த முதல் இரவிலேயே மறுபடியும் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் ஒரு பூனை. அதன் பெயர் சூட்டி. சூட்டியைப் பற்றிச் சொல்வதென்றால் அதை வளர்க்கும் அல்பொன்சா அக்காவிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

அல்பொன்சா அக்கா எனக்குப் பக்கத்து வளவு. கடற்கரையில் ஒரு கருவாட்டு வாடி வைத்திருக்கிறார். மீனை வெட்டுவது, உப்பில் போடுவது, பாயில் பரப்புவது, காகம் விரட்டுவது என்று அவருடைய நாள் போகும். ஆள் கட்டை, குரல் நெட்டை. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர்தான். ஆனால் சிலாபத்துப் பக்கம் பிறந்ததால் பள்ளிக்கூடத்தில் படித்தது சிங்களம். ஆகவே ஜெபம் தமிழில், கணக்கு சிங்களத்தில், ஏச்சு இரண்டிலும். அவருடைய ஜெபப் புத்தகத்தில் தமிழ் ஜெபங்கள் சிங்கள எழுத்தில் அச்சாகியிருக்கும். தமிழில் தன் பெயரைக்கூட அவருக்கு எழுதத் தெரியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோபத்தில் கதைக்காமல் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதைப் பூனைக்கோ கோழிக்கோ சொல்வார்கள். மற்றவர் பக்கத்திலேயே இருந்து கேட்டுக்கொள்வார். அக்காவின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை, அக்காவைக் கேட்காமல் ஒரு வலையைத் தன் தமையனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். அந்தத் தவக்காலம் முழுவதும் அந்த வீட்டில் பூனைக்குத்தான் வேலை.

"பூனை, சோறு ஆறுது எண்டு சொல்லு."

"பூனை, குழம்புக்கு உப்புக் கூட எண்டு சொல்லு."

"பூனை, உப்புக் கூடினா கடல்லயே போய்ச் சாப்பிடச் சொல்லு."

உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வந்துதான் சமாதானம் ஆனார்கள். இதை அக்கா பெருமையோடுதான் சொல்வார். "ஒரு சொல்லு நேரே கதைக்கேல்ல, ஒரு நேரம் பட்டினியும் போடேல்ல" என்பார்.

அவர்களுக்கு ஒரே மகன், பஸ்தியான். அப்பாவின் வள்ளத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். சண்டைக் காலம், கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுக்கவேண்டும். பாஸ் கிடைக்கும் நேரத்தில் மீன் இருக்காது, மீன் இருக்கும் நேரத்தில் பாஸ் கிடைக்காது. ஒரு ஆவணியில், தலவிலை அன்னம்மா கோவில் திருவிழாவுக்குத் தங்கக் கொட்டில் போட முன்கூட்டியே போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். அக்கா சட்டி பானை, அரிசி, கருவாடு எல்லாம் கட்டிக்கொண்டு பின்னால் போனார். தலவிலையில் ஆயிரம் கொட்டில் இருந்தது, அவன் போட்ட கொட்டில் இல்லை. அவன் அதற்குள் இத்தாலிக்கு ஆள் ஏற்றும் படகில் கடலுக்கு நடுவில் இருந்தான்.

யாரோ ஒரு குடும்பத்தின் படங்குக் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு அக்கா அன்றைக்கு ஒரு நேர்த்தி வைத்தார். பஸ்தியான் தலவிலைக்கு வந்து தன் கையால் கொட்டில் போடும்வரை அவனோடு ஒரு சொல் கதைப்பதில்லை.

கோபம் இரண்டு கிழமையில் போய்விட்டது. நேர்த்தி போகவில்லை. அவன் முதல் தடவை எங்கள் வீட்டுப் போனுக்கு எடுத்தபோது, அக்கா ஓடி வந்து, றிசீவரைக் காதில் வைத்து, அவன் குரலைக் கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் திருப்பித் தந்தார். அவன் இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான். அவனுக்கு அங்கே தங்குவதற்கான பத்திரம் இல்லை. இங்கே வந்தால் திரும்பிப் போகமுடியாது. நேர்த்தியை மாற்றித் தரலாம் என்று பங்குத் தந்தை சொல்லிப் பார்த்தார்.

"நான் நேர்ந்தது உங்களிட்டயா, ஃபாதர்? அன்னம்மாவிட்ட. அவ வந்து மாத்தட்டும்."

இனி என் கதை. அது சின்னது. நான் நுரைச்சோலையில் படிப்பிக்கிறேன். என் கணவர் யாகப்பு படகு எஞ்சின் திருத்துகிறவர். போன வருடத்துக்கு முந்திய கார்த்திகையில் நெஞ்சு நோவு என்று புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரவில்லை. வீடு மிகவும் சத்தமில்லாமல் போயிற்று. அப்போது கற்பிட்டியில் போனும் இன்டர்நெட்டும் உள்ள கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் தாஹிர்தான், "டீச்சர், மனசில இருக்கிறத எழுதுங்க. பேர் போடத் தேவல்ல, காசும் கேக்க மாட்டாங்க" என்று இந்த வலைப்பதிவைத் திறந்து தந்தார். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்துக்குப் பிறகு நான் எழுதியது கரும்பலகையில் மட்டும்தான். ஆனாலும் எழுதினேன். யாகப்புவுக்குப் பிடித்த பாட்டு, அவர் சேட்டில் எத்தனை தரம் தோய்த்தும் போகாமலே இருந்த எண்ணெய்க் கறை, அப்படியான சங்கதிகள். பெரும்பாலும் இரவில் பத்து மணிக்குப் பிறகுதான் இங்கே லைன் ஒழுங்காகக் கிடைக்கும். அந்த நேரம் எனக்கும் வசதியாக இருந்தது. வாசித்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் தாஹிர்.

ஒரு நாள் அழுது எழுத ஒன்றும் இல்லாமல், அல்பொன்சா அக்கா காகத்தோடு போடும் சண்டையை எழுதினேன். "உங்கட ஆத்தாமார் செத்தாலும் கருவாடு தரமாட்டன்" என்று அவர் காகங்களுக்கு ஏசுவதாக வேடிக்கையாக முடித்திருந்தேன். மறுநாள் ஒரு பின்னூட்டம். எழுதியவரின் பெயர் "காகம்".

"டீச்சர், அவ காகத்துக்கு ஏசுறது சிங்களத்தில். காகமெல்லாம் சிலாபத்துச் சந்தையில இருந்து வாறதால தமிழ் விளங்காது எண்டு சொல்லுவா. சூட்டி இருக்குதா?"

ஊரில் இல்லாமல் சூட்டியைப் பெயர் சொல்லி விசாரிக்கும் காகம் ஒன்றுதான் இருக்கமுடியும், அது இத்தாலியில் இருந்தது. பதிவின் முகவரியைத் தாஹிர்தான் அனுப்பியிருப்பார். அக்காவைக் கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, வாசித்துக் காட்டினேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பிறகு கொம்பியூட்டர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அந்தக் காகம் நேரத்துக்குச் சாப்பிடுதாமா எண்டு கேள், பிள்ளை."

"அக்கா, அது பஸ்தியான்."

"நான் பஸ்தியான் எண்டு சொன்னனா? காகம். காகத்தோட கதைக்கிறதில்ல எண்டு நான் அன்னம்மாவுக்குச் சொல்லேல்ல."

அன்று தொடங்கி ஒவ்வொரு கிழமையும் அக்கா ஏதாவது ஒரு தட்டோடு வந்து கதிரையில் இருந்து கதை சொல்வார். மீனை உப்பில் ஊறவைத்து ஜாடி போடும்போது கொறக்காப் புளியைக் கூட்டினால் மீன் கறுத்துப்போகும் என்பது, பழைய வள்ளத்துக்குத் தார் பூசியது, எதிர்வீட்டுப் பெட்டை கலியாணத்துக்கு வாங்கிய செருப்பு. நான் எழுதுவேன். காகம் பதில் போடும். நான் வாசித்துக் காட்டுவேன். காகம் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறதாம், கிழவருக்குச் சோறு தின்னப் பழக்கிவிட்டதாம். அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். என் வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

இவ்வளவும் நடந்தும் நிறுத்த நினைத்தேனே, ஏன்? கார்த்திகையில் யாகப்புவின் வருடப் பூசை முடிந்தது. அதன்பிறகு ஒவ்வொரு இரவும் கொம்பியூட்டரைத் திறக்கும்போது, ஆறிக்கொண்டு வரும் புண்ணை நானே சுரண்டுகிறேனோ என்று தோன்றியது. அவரைப் பற்றி எழுதாமல் எழுதினாலும் அவருக்காகவே எழுதுவதுபோல இருந்தது. வருடத்தோடு விட்டுவிடுவோம் என்று நேற்று அந்தக் கடைசிப் பதிவைப் போட்டேன். போட்டுவிட்டு வேலிக்கு அருகே போய் அக்காவிடமும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த மாவைக் கழுவாமலே என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, காலடியில் இருந்த சூட்டியிடம் சொன்னார்.

"சூட்டி, டீச்சருக்குச் சொல்லு. நல்லாப் படிச்சவ, அவவுக்கு எல்லாம் தெரியும். செய்யட்டும்."

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் விளங்கியது. அக்காவுக்கு என்னோடு கதைபேச்சு இல்லை.

பாதுகாப்புக் காரணத்தால் இம்முறையும் நள்ளிரவுப் பூசை இல்லை, வெடியும் கொளுத்தக்கூடாது. இன்று காலையில்தான் பூசை. பூசை முடிந்து வந்து, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் புதுவருடத்தன்று தாய் தகப்பன் முன்னால் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்குவார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு அது நடந்துகொண்டிருந்தது. என் வாசலில் அக்கா வந்து நின்றார். ஒரு கையில் கொக்கிஸ் பலகாரமும் கேக்கும் வைத்த தட்டு, மறு கையில் சூட்டி.

"சூட்டி, புதுவருசத்துக்குத் தட்டுக் குடுக்காம விடுற பழக்கம் எங்களுக்கு இல்லை எண்டு சொல்லு."

"சூட்டி, உள்ளுக்கு வந்து இருக்கச் சொல்லு" என்றேன்.

"சூட்டி, இருக்க நேரமில்லை எண்டு சொல்லு" என்றபடியே கதிரையில் இருந்தார்.

அப்போது போன் அடித்தது.

"டீச்சர், பஸ்தியான் கதைக்கிறன். ஏன் டீச்சர் மூடுறீங்க? நான் ஏதும் பிழையா எழுதினனா?"

அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் பட்டனை அமத்தினேன்.

"டீச்சர், நான் இங்க குசினிக்குள்ள, அடுப்புப் பக்கத்தில முழங்கால்ல நிக்கிறன். கிழவன் எனக்கு விசர் பிடிச்சிட்டெண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறான். அம்மா அங்க இருக்கிறாவா?"

அக்கா எழும்பிவிட்டார். சூட்டியைத் தூக்கி மேசையில், போனுக்கு முன்னால் வைத்தார்.

"சூட்டி, சீமெந்துத் தரையில முழங்கால்ல நிக்கவேண்டாம் எண்டு சொல்லு. குளிர் ஏறும்."

"சூட்டி!" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவன் கத்தினான். "சூட்டீ, அம்மாட்டச் சொல்லு, கீழ சாக்குப் போட்டிருக்கு!"

சூட்டியை மீன்கூடைக்குள்ளிருந்து எடுத்து வளர்த்தவன் அவன்தான். அவன் குரலைக் கேட்டதும் அது காதை நிமிர்த்தியது. போனை முகர்ந்தது. பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தது. அங்கே ஒருவரும் இல்லை. எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னலால் குதித்துப் போய்விட்டது.

"அனே!" என்று சிங்களத்தில் பதறினார் அக்கா.

அவருடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். மகன் முழங்காலில் நிற்கிறான். அவனோடு கதைக்க நேர்த்தி விடாது. என்னோடு அவரே கதையை நிறுத்திவிட்டார். பூனையும் போய்விட்டது. அந்த அறையில் மிச்சம் இருந்தது என் மேசையும் அலுமாரியும்தான். அலுமாரியை ஒருதரம் பார்த்தார் என்றே நினைக்கிறேன்.

"அம்மா?" என்றது போன். "டீச்சர், அம்மா போயிட்டாவா?"

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, இனியும் எழுதுவன் எண்டு சொல்லு. கெதியாச் சொல்லு."

"ஓம் அக்கா."

"ஓம் எண்டா என்ன ஓம்? என்னைச் சும்மா பேய்க்காட்டுற ஓமா?"

"எழுதுவன் அக்கா. காகம் வாசிக்கும்வரைக்கும் எழுதுவன்."

"அப்ப முழங்கால்ல நில்லு."

"நானா?"

"அவன்ட தலை அங்க இருக்கு. எனக்கு இங்க ஒரு தலை வேணும்."

நின்றேன். அக்கா என் தலையில் இரண்டு கையையும் வைத்தார். கழுவினாலும் போகாத கருவாட்டு மணம். கண்ணை மூடிக்கொண்டு, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரால் என்று தொடங்கி, நல்ல சுகத்தையும் நல்ல வேலையையும் நல்ல பெண்சாதியையும் அன்னம்மா தரவேண்டும், கொட்டில் போடும் நாளையும் அவவே காட்டவேண்டும் என்று சத்தமாகச் சொல்லி, பெருவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டார். போனுக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆமென்" என்றான் அவன். பின்னால் வேறு ஒரு கிழட்டுக் குரலும் "ஆமென்" என்றது.

நான் உடனே எழும்பவில்லை. யாகப்பு போனபிறகு என் தலையில் ஒருவரும் கை வைத்ததில்லை. அக்காவும் கையை எடுக்க அவசரப்படவில்லை. "இது உனக்கு" என்று இன்னொரு சிலுவை போட்டார்.

அதுதான் நடந்தது. இப்போது கடலைத் தவிர எல்லாம் படுத்துவிட்டது. கொக்கிஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். வலைப்பதிவு எதற்கு எழுதுகிறேன் என்று புதுவருடத்தில் யோசிக்கிறவர்கள் பெரிய காரணங்கள் சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்த காரணம் இவ்வளவுதான். நேரே கதைக்கமுடியாத இரண்டு பேருக்கு நடுவில் ஒரு பூனை இருக்கவேண்டும். அது பாதியில் ஜன்னலால் குதித்துப் போகக்கூடாது.

யாகப்புவும் நானும் கதைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கோபம் ஒன்றும் இல்லை. அவருக்குச் சொல்லவேண்டியதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர்ப் பம்ப்பின் எஞ்சினை நானே கழற்றிப் பூட்டினேன். ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. ஆனாலும் வேலை செய்கிறது.

காகத்துக்கு: அம்மா சொல்லச் சொன்னது. சாக்குப் போதாது, தடித்த பாயாக ஒன்று வாங்கு. சூட்டி பொழுதுபட வீட்டுக்கு வந்துவிட்டது. வந்ததும் நேரே என் வீட்டுக்குள் ஓடி, போனுக்குப் பின்னால் இன்னொருதரம் போய்ப் பார்த்தது.